ரேகை இல்லாத கை

ஒரு பெண்ணின் விரல்களை மெஷின் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று தள்ளியதை மூன்று வாரத்துக்கு முன்னால் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு விரத நாள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்ப்பதற்காக அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பாய் கடைக்குப் போயிருந்தேன். கடை என்றால் என்ன... ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கைரேகை வைக்கிற கருவி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பட்டா, சான்றிதழ், பேங்க் வேலை என்று எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினைந்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பெயர் செல்வராணி. மகள் சங்கவி. செந்துறைப் பக்கம் கிராமம். (பெயரெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.) சங்கவிக்குப் பதினெட்டு வயது. இந்த வருஷம்தான் அரசு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கணக்குப் பாடம்.

பாய் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. ஆட்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் தயங்கித் தயங்கி மற்ற கையிலும் அதே மூன்று விரல்கள்... எல்லாமே சிவப்பு.

பாய் ஒரு ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். அழுத்தாமல் வைக்கச் சொன்னார். அழுத்தி வைக்கச் சொன்னார். ரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டுகிற வசதியையும் போனில் திறந்து பார்த்தார். அது அன்றைக்குச் சுற்றிக்கொண்டே நின்றது.

என் பக்கத்தில் முதியோர் பென்ஷன் எடுக்க வந்த பெரியவர் ஒருவர். காத்திருந்து காத்திருந்து அவருக்கு அலுத்துவிட்டது.

“என்ன பாப்பா, விரலைக் கழட்டி வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?”

“வூட்டுலதான் தாத்தா கழண்டுச்சு” என்றாள் சங்கவி.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என்னம்மா விஷயம் என்று கேட்டேன். செல்வராணி மெதுவாகச் சொன்னாள். அரசு பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதாமாதம் ஒரு உதவித்தொகை வருகிறதல்லவா... அது நேராக பேங்க் கணக்குக்குத்தான் வரும். சங்கவிக்குப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. வயது பதினெட்டு ஆனதும் அது முடங்கிக் கிடக்கிறது. கைரேகை வைத்தால்தான் உயிர் வரும். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கைச் சரிசெய்து கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷத்துப் பட்டியலில் பெயர் இருக்காதாம்.

ஊரில் பேங்க் வேலை பார்க்கிறவரிடம் போனார்கள். ரேகை விழவில்லை. பேங்குக்கே போனார்கள். ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வா என்றார்கள். அதையும் செய்து பதினைந்து நாள் ஆகிறது. மறுபடி போனால் மறுபடி சிவப்பு. யாரோ சொல்லி, கடைசியாக பாய் கடை.

“கெடைக்கலன்னா என்ன செய்வே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மில்லுக்கு ஆள் எடுக்குற வேன் ஞாயித்துக்கெழம ஊருக்கு வருதுங்க. போன மாசமே இவளக் கேட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கேன்.”

அவள் வீட்டுக்காரர் இல்லை. தவறிப் போய் நாலு வருஷம் ஆகிறது. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அந்த உதவித்தொகையை நம்பித்தான் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறாள். அது வரும் என்றால் படிப்பு. வராது என்றால் வேன். அவ்வளவுதான் கணக்கு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். யாரும் என்னை நிறுத்தவில்லை. எங்கள் ஊர் தா.பழூர் பக்கம். ஒன்பதாவது படிக்க வேறு ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு அப்பா வந்து கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்க வேண்டும். அன்றைக்கு நடவு. மறுநாளும் நடவு. அதற்கு மறுநாள் இன்னொருவர் வயலில் நடவு. கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? நடவு முடிந்து அவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியபோது சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் நானே நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஏழைக்குப் படிப்பு ஏன் நிற்கிறது என்று பெரியவர்கள் மேடையில் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை அது பெரிய காரணத்தால் நிற்பதே இல்லை. இத்தனூண்டு காரணத்தால்தான் நிற்கிறது. ஒரு கையெழுத்து... ஒரு பஸ்... ஒரு வெள்ளிக்கிழமை. காசு இருக்கிற வீட்டில் அது ஒரு சின்னத் தொந்தரவு. இல்லாத வீட்டில் அதோடு முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். என் பர்ஸில் செட்டிகுளம் மலைக் கோயில் விபூதிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். அதைப் பிரித்து, முருகா என்று சொல்லி, அந்தப் பெண்ணின் நெற்றியில் இட்டுவிட்டேன். மிச்சத்தை அவள் விரல் நுனிகளிலும் தேய்த்தேன். ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருந்தால் போய்விடும் என்று ஒரு நினைப்பு. பக்தியும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு!

சங்கவி தன் விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

“நாங்களும் இப்படித்தாம்மா சாம்பல் தேய்ச்சுக்குவோம். கொட்டை ஒடைக்கறதுக்கு முன்னாடி.”

“என்ன கொட்டை?”

“முந்திரிக்கொட்டை.”

அப்போதுதான் அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். வயசுப் பெண்ணின் கை. ஆனால் விரல் நுனிகள்... எப்படிச் சொல்வது? பழைய சைக்கிள் டயரைப் பார்த்திருப்பீர்கள். ஓடி ஓடி வரி எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அப்படி இருந்தது. சில இடத்தில் கறுப்பாக, சில இடத்தில் தோல் உரிந்து ரோஸ் கலரில். செல்வராணியின் கையைப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

வியாபாரி மூட்டையில் கொண்டுவந்து வீட்டில் இறக்குவாராம். வறுத்த கொட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கிற கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் பொத்துவிடும். அதற்குத்தான் சாம்பல். சாம்பல் கொஞ்சம் தாங்கும். முழுசாகத் தாங்காது. சங்கவி நாலாவது படிக்கும்போதிருந்தே உடைக்கிறாள். காலையில் பஸ் வருவதற்கு முன்னால் கொஞ்சம், சாயங்காலம் வந்து கொஞ்சம்.

ஆதாரில் புதுப்பித்த ரேகை பதினைந்து நாளில் ஏன் பொருந்தவில்லை என்று இப்போது புரிந்தது. புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் மறுபடி மூட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு இருந்த தோல் இன்றைக்கு இல்லை.

“கையுறை போட்டுக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

கையுறை போட்டால் கொட்டை வழுக்குமாம். வழுக்கினால் அடி தப்பும். அடி தப்பினால் பருப்பு உடையும். முழுப் பருப்புக்குத்தான் நல்ல கூலி. உடைந்ததற்குக் குறைச்சல். கடைகளில் எல்லோரும் முழுசாகத்தானே கேட்கிறார்கள்?

கிருத்திகைக்குக் கிருத்திகை சர்க்கரைப் பொங்கல் வைக்கிறவள் நான். மளிகைக் கடையில் நின்று, சாமிக்கு வைக்கிறது, உடைந்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிற ஆளும் நானேதான். அந்த முழுப் பருப்பு முழுசாக இருப்பதற்கு யாரோ ஒரு பெண் வெறும் விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானும் யாரையும் கேட்கவில்லையே.

ஆனாலும் நமக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு மாசம் கொட்டையைத் தொடாமல் இருந்தால் ரேகை திரும்ப வந்துவிடுமே என்றேன்.

செல்வராணி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். “ரேகை வந்துடும்க்கா. அந்த ஒரு மாசம் ஒல வெக்கணும்ல?”



இத்தனை நேரமும் பாய் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை வைத்துப் பார்க்கிற கருவி இருந்தால் காரியம் நடக்கும், ஆனால் தன்னிடம் இல்லை, பெரிய ஆபீஸுக்குத்தான் போக வேண்டும் என்றார். அங்கே டோக்கன் கிடைத்து முடிவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும் என்று அவருக்கும் தெரியும். செல்வராணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். போகலாம் என்பது மாதிரி மகள் தோளைத் தொட்டாள்.

அப்போது பாய் தன் கையையே திருப்பிப் பார்த்தார்.

“உக்காரும்மா” என்றார். “நான் முதல் தடவ லீவு முடிஞ்சு துபாய்க்குத் திரும்பிப் போறேன். ஏர்போர்ட்ல ரேகை வைக்கச் சொன்னான். ஒரு விரலும் விழல. ரெண்டு வருசம் சிமெண்டுல கெடந்த கை, எங்கேர்ந்து விழும்? திருப்பி அனுப்பிடுவானோன்னு எனக்கு உசுரே இல்ல. அல்லாவேன்னு நிக்கிறேன். அந்த ஆபீசர் கடைசியா ஒரு விரல வைக்கச் சொன்னான்...”

சங்கவியின் வலது கை சுண்டுவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள்.

சிவப்பு.

கட்டை பிடிக்கிற கை அது. தேய்ந்திருக்காதா பின்னே?

“இடது கை சுண்டுவிரலு” என்றார் பாய்.

சங்கவி மறுபடியும் தயங்கினாள். பெரியவர்கள் முன்னால் இடது கையை நீட்டக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். சும்மா வை பாப்பா என்று நான்தான் சொன்னேன். இடது கையால் யாராவது விபூதி வாங்க வந்தால் முறைக்கிற ஆளும் நான்தான்!

கொட்டையைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வேண்டும், ஆட்காட்டி விரல் வேண்டும், நடுவிரல் வேண்டும், மோதிர விரலும் முட்டுக் கொடுக்கும். சுண்டுவிரலுக்கு மட்டும் வேலை கிடையாது. அது தனியாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இதை அவளே அப்புறம் செய்து காட்டினாள்.

வைத்தாள். மெஷின் யோசித்தது.

பச்சை.

செல்வராணி மகளின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவே இல்லை. பாய் மீதி வேலையைப் பார்க்க வேண்டும், இன்னொரு தடவை வைக்க வேண்டும், கையை விடும்மா என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டாள்.

பெரியவர் சும்மா இருப்பாரா? “அப்ப எனக்கும் சுண்டுவிரலையே வெச்சுப் பாருங்க பாய். நானும் அதை வெச்சு ஒரு வேலையும் செஞ்சதில்ல” என்றார்.

கிளம்பும்போது பாய் ஒரு பேச்சு சொன்னார். “பணம் எடுக்க வரும்போதெல்லாம் மெஷின் இதே விரலத்தான் கேக்கும்மா. பத்திரமா பாத்துக்க. இன்ஷா அல்லாஹ் படிச்சு முடிச்சிடுவே.”

அன்று என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். சிமெண்ட் ஃபேக்டரியில் மூட்டை ஏற்றி ரிட்டயர் ஆனவர். அவர் சாப்பாட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பத்து விரலும் பளிச்சென்று விழும். விழாதவன்தான் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி, நான்தான் நான் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருஷமாக வீட்டைத் தாங்கிய விரல்கள் அவளுக்குச் சாட்சி சொல்லவில்லை. சும்மா நின்ற விரல்தான் இவள் சங்கவி என்று சொன்னது. படைத்தவனின் கணக்கு எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. மெஷினின் கணக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

போன வாரம் செந்துறைப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போனேன். அப்படியே அவர்கள் ஊரை விசாரித்துக்கொண்டு போய்விட்டேன். கிருத்திகைக்குப் பருப்பும் வாங்கின மாதிரி இருக்கும், பெண்ணையும் பார்த்த மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமையே கல்லூரியில் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிட்டார்களாம். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மில் வேன் வந்து, ஹாரன் அடித்து, வேறு வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று என்றாள் செல்வராணி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெரிய சந்தோஷம் இல்லை. அந்த இரண்டு பேரும் சங்கவியோடு படித்தவர்கள்.

சாயங்கால நேரம். சங்கவி கல்லூரியிலிருந்து வந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டக்... டக்... என்று அடி விழுந்துகொண்டிருந்தது. படிப்பு வந்ததற்காக மூட்டை போய்விடுமா என்ன?

நான் பெரிய மனசோடு, இந்தத் தடவை எனக்கு உடைந்த பருப்பே போதும், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்க ஒடஞ்சத வாங்குனா எங்களுக்கு என்னக்கா லாபம்? முழுசுக்குத்தான் கூலி. முழுசே வாங்கிட்டுப் போங்க. காச வியாபாரிகிட்ட நாங்க குடுத்துக்குறோம்.”

என் புண்ணியத்தின் எடை அவ்வளவுதான். முழுசே வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் சங்கவியின் இடது கையைக் கவனித்தேன். சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. அம்மாவின் பழைய சேலையில் கிழித்த துணி. அடிவரை சுற்றி, நூலால் கட்டி, கொட்டையின் பக்கம் சாயாமல் அந்த விரலை அவள் நீட்டியே வைத்திருந்தாள்.

பட்டுவிட்டதா, காயமா என்று பதறிக் கேட்டேன்.

“காயம்லாம் இல்லக்கா” என்றாள் செல்வராணி. “ஒம்பது விரலு வூட்டுக்கு. இந்த ஒண்ணு காலேஜுக்கு. தெனமும் நான்தான் கட்டி வுடுறேன்.”

சங்கவி வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

முருகா, அந்த ஒரு விரலை நீ பார்த்துக்கொள். மற்ற ஒன்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்... இன்னும் பார்க்கவில்லை.